கல்லீரலில் கொழுப்பு இருக்கும்போது எடை குறைப்பு ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 160 செ.மீ., எடை 108 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன், சமீபத்தில் டாபாகிளிஃப்ளோசினும் சேர்த்திருக்கிறார்கள். வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. கல்லீரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி. 64, எஸ்.ஜி.பி.டி. 78, பிளேட்லெட் 1,98,000. மதுப்பழக்கம் கிடையாது. முன்பு இரண்டு முறை 10, 12 கிலோ குறைத்தேன், எல்லாம் திரும்ப ஏறிவிட்டது. பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்துகொண்டால் கல்லீரலும் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். என் அண்ணனோ, 'ஏற்கெனவே கெட்டுப்போன லிவர், இதில் மயக்க மருந்தும் கொடுத்து ஆபரேஷனும் பண்ணினால் லிவர் ஃபெயிலியர்தான், அப்படி நடந்திருக்கிறது' என்கிறார். யார் சொல்வது சரி? இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் நல்லதா, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் பைபாஸ் நல்லதா? இப்போது வந்திருக்கும் ஊசிகளே போதாதா?

பதில்: நான் கல்லீரல் மருத்துவர், கத்தி பிடிப்பவன் இல்லை. ஆபரேஷன் செய்யச் சொல்வதில் எனக்கு லாபமும் இல்லை, வேண்டாம் என்பதில் நஷ்டமும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் டாக்டர் சொல்வது பெரும்பாலும் சரி. அண்ணன் சொல்வதும் ஆதாரம் இல்லாத பயம் இல்லை, ஆனால் அது வேறொரு காலத்து ஆபரேஷனைப் பற்றிய பயம். அதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம்: இந்த முடிவை எடுக்க வேண்டிய முக்கியமான தகவல் உங்கள் கடிதத்தில் இல்லை. அது உங்கள் தவறில்லை, இன்னும் யாரும் அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் கிரேடு 1, 2, 3 எல்லாம் கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு தெரிகிறது என்பதற்கான தோராயமான அளவுதான். அதைப் பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொண்டு, 'கிரேடு 2தான், இன்னும் 3 ஆகவில்லை' என்று ஆறுதல் அடைகிறவர்களையும், கிரேடு 3 என்று பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களையும் தினமும் பார்க்கிறேன். இரண்டும் வேண்டாம். கல்லீரல் நோயில் ஒருவருடைய ஆயுளைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவு இல்லை, தழும்பின் அளவு. கொழுப்பு சேர்கிறது, சிலருக்கு அதனால் அழற்சி வருகிறது, அழற்சி வருஷக்கணக்கில் நீடித்தால் ஆறிய இடமெல்லாம் நாராக மாறுகிறது. அந்த நாரைத்தான் ஃபைப்ரோசிஸ் என்கிறோம். 0 முதல் 4 வரை நிலைகள், 4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பாகி இறுகிய நிலை. கிரேடு 3 கொழுப்போடு தழும்பே இல்லாதவர்கள் உண்டு. கொழுப்பு குறைவாகத் தெரிந்து, உள்ளே சிரோசிஸ் முற்றியிருப்பவர்களும் உண்டு, ஏனென்றால் தழும்பு முற்ற முற்றக் கொழுப்பு தானாகவே குறைந்துவிடும். சாதாரண ஸ்கேனில் இந்த வித்தியாசம் தெரியாது. எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தாலும் தெரியாது.

நீங்கள் அனுப்பிய எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கவும்: 41 × 64 = 2624. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு (198), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கவும்: 78-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 8.83, பெருக்கினால் 1748. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.5 வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு என்று விட்டுவிடலாம், 2.67க்கு மேலே போனால் நிச்சயமாகக் கவலைப்பட வேண்டும். உங்களுடையது நடுவில் நிற்கிறது. சர்க்கரை நோயும் இருப்பதால் இந்த நடுநிலையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் செய்துகொள்ளுங்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது, விலா இடுக்கில் கருவியை வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். மூன்று மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடுதலாகக் காட்டும். உங்கள் எடைக்கு 'எக்ஸ்.எல்.' புரோப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது, சாதாரண புரோப் தோலடிக் கொழுப்பைத் தாண்டிச் சரியாக அளக்காது.

அதில் கிலோபாஸ்கல் என்று ஒரு எண் வரும். 8க்குக் கீழே என்றால் நிம்மதி. 8 முதல் 12 என்றால் நடுத்தரம். 12க்கு மேலே என்றால் கல்லீரல் மருத்துவர் ஒருவர் உங்களை நேரில் பார்த்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சே. 20 அல்லது அதற்கு மேல் என்றாலோ, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தாலோ, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறதா, உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோபியில் பார்க்க வேண்டும்.

சரி, ஆபரேஷன் கல்லீரலுக்கு உண்மையிலேயே என்ன செய்கிறது?

எடை குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதில்தான் சிக்கல். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு கரைய ஆரம்பிக்கும். அழற்சி அடங்க 7 முதல் 10 சதவீதம் வேண்டும். தழும்பு பின்வாங்க வேண்டுமென்றால் 10 சதவீதத்தையாவது தாண்ட வேண்டும், தாண்டி அங்கேயே நிற்கவும் வேண்டும். உங்களுக்கு 10 சதவீதம் என்றால் 11 கிலோ. அதாவது முன்பு குறைத்த அந்த 12 கிலோ அப்படியே நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கவே மாட்டீர்கள். நிற்கவில்லை என்பதற்காக உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம். எடை இறங்கியதும் பசியைக் கூட்டி, உடல் எரிக்கும் கலோரியைக் குறைத்து, பழைய எடைக்கே இழுத்துப்போவது உடம்பின் இயல்பு. அதை மனஉறுதியால் மட்டும் வருஷக்கணக்கில் ஜெயிப்பவர்கள் குறைவு. ஆபரேஷனில் ஓராண்டில் உடல் எடையில் கால் பங்கு, சிலருக்கு அதற்கும் மேலே குறைகிறது. உங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 27 கிலோ. பெரும்பாலானவர்களுக்கு அதில் பெரும்பகுதி நிற்கவும் செய்கிறது.

எடை மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களிலேயே, தராசு முள் பெரிதாக நகர்வதற்கு முன்னாலேயே, சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது. உணவு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜி.எல்.பி.-1 போன்ற குடல் ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன, பித்த அமிலங்களின் போக்கு மாறுகிறது, இன்சுலினுக்குக் கல்லீரல் மறுபடி கீழ்ப்படியத் தொடங்குகிறது. கொழுப்புத் திசுக்களிலிருந்து கல்லீரலுக்கு வந்து குவிந்துகொண்டிருந்த கொழுப்பு அமிலங்களின் வரத்தும் குறைகிறது.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரான்சில் லீல் நகர மருத்துவர்கள், பயாப்சியில் (கல்லீரலிலிருந்து துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) அழற்சி உறுதியான 180 பேருக்கு ஆபரேஷன் செய்து, பிறகும் பயாப்சி எடுத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். ஐந்தாவது ஆண்டில் 84 சதவீதத்தினருக்கு அழற்சி போயிருந்தது, 70 சதவீதத்தினருக்குத் தழும்பு குறைந்திருந்தது. இதில் நான் கவனிக்கச் சொல்வது, தழும்பு ஒரே வருடத்தில் மறையவில்லை, முதல் வருடத்துக்குப் பிறகும் மெதுவாகக் குறைந்துகொண்டே போனது. எடை போதுமான அளவு குறையாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் அழற்சி தங்கியது. 2023-இல் வந்த இத்தாலிய ஆய்வு இன்னும் நேரடியானது. 288 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உணவு, உடற்பயிற்சி, மருந்து, மற்ற இரண்டுக்கும் பைபாஸ், ஸ்லீவ். ஒரு வருடத்தில் தழும்பு கூடாமல் அழற்சி நீங்கியவர்கள் பைபாஸில் 56 சதவீதம், ஸ்லீவில் 57 சதவீதம், ஆபரேஷன் இல்லாதவர்களில் 16 சதவீதம்.

எஸ்.ஜி.பி.டி. குறைந்தது, பயாப்சி அழகாக இருக்கிறது என்பதெல்லாம் சரி, ஆள் நன்றாக இருக்கிறாரா? அதற்கான பதில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கிலிருந்து 2021-இல் வந்தது. அழற்சி இருந்து சிரோசிஸ் இல்லாத 1,158 பேர். பத்தாண்டுக் கணக்கில் சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய், மாற்று அறுவை சிகிச்சை, கல்லீரல் நோயால் மரணம் போன்ற பெரிய பாதிப்புகள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 2.3 சதவீதம், செய்துகொள்ளாதவர்களில் 9.6 சதவீதம். இது குலுக்கல் ஆய்வு இல்லை, பழைய பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தது, அதனால் நான் இந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அதே ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட 650 பேரில் 4 பேர் முதல் ஆண்டுக்குள் ஆபரேஷன் சிக்கல்களால் இறந்தும் இருக்கிறார்கள். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை.

இப்போது அண்ணன் விஷயம். 1950களில் தொடங்கி எழுபதுகள் வரை எடை குறைப்புக்கு ஒரு ஆபரேஷன் செய்தார்கள். இரைப்பையைத் தொட மாட்டார்கள், சிறுகுடலில் கொஞ்சத்தை மட்டும் விட்டுவிட்டு, மீதி முழுவதையும் உணவுப் பாதையிலிருந்து விலக்கிவிடுவார்கள். எடை நன்றாகக் குறைந்தது. கூடவே புரதச் சத்து சேராமல் போனது, விலக்கிவைத்த குடலில் பாக்டீரியா பெருகியது, கல்லீரல் செயலிழந்து ஆட்கள் இறந்தார்கள். பலருக்குத் திரும்ப வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. அந்த ஆபரேஷனை மருத்துவ உலகம் கைவிட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மயக்க மருந்தும் அப்படித்தான்: ஹாலோத்தேன் என்ற பழைய மருந்து அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான கல்லீரல் அழற்சியைக் கொடுத்தது, இன்று அதன் இடத்தில் வேறு மருந்துகள் வந்துவிட்டன. அண்ணன் கேள்விப்பட்டது பொய் இல்லை. இன்றைய ஸ்லீவுக்கும் சாதாரண பைபாஸுக்கும் அது பொருந்தாது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பழைய ஆபத்தின் ஒரு சின்ன மிச்சம் இன்றும் உண்டு. பைபாஸில் ஒரே இணைப்பு போடும் 'மினி பைபாஸ்' வகையில் எவ்வளவு நீளக் குடலை விலக்குகிறார்கள் என்பது முக்கியம். 150 செ.மீ. என்று சர்ஜன் சொன்னால் சரி. 200ஐத் தாண்டுகிறார் என்றால் ஏன் என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீளம் கூடக் கூடப் புரதக் குறைபாடும், அதன் வழியாகக் கல்லீரல் பாதிப்பும் வர வாய்ப்பு கூடுகிறது.

அண்ணனின் எச்சரிக்கை முழுக்கச் சரியாகும் இடம் ஒன்று இருக்கிறது: சிரோசிஸ் முற்றி, வயிற்றில் நீர் சேர்வது, ரத்த வாந்தி, குழப்பம், காமாலை என்று கல்லீரல் தள்ளாடத் தொடங்கிய நிலை. 1998 முதல் 2007 வரையிலான அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில், பேரியாட்ரிக் ஆபரேஷனுக்காகச் சேர்ந்து மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் சிரோசிஸ் இல்லாதவர்களில் 0.3 சதவீதம், சிரோசிஸ் இருந்தும் கல்லீரல் சமாளித்துக்கொண்டிருந்தவர்களில் 0.9 சதவீதம், சமாளிக்க முடியாத நிலையில் இருந்தவர்களில் 16.3 சதவீதம். மூன்றாவது பிரிவில் யாரையும் நான் இந்த ஆபரேஷனுக்கு அனுப்ப மாட்டேன். இரண்டாவது பிரிவினர், கல்லீரல் மருத்துவரும் அனுபவமுள்ள சர்ஜனும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் மட்டும் செய்துகொள்ளலாம். ஃபைப்ரோஸ்கேனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். நீங்கள் எந்தப் பிரிவு என்று தெரிந்துகொண்டுதான் மேஜையில் படுக்க வேண்டும்.

ஸ்லீவா பைபாஸா என்று கேட்டிருந்தீர்கள். கல்லீரலைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், மேலே சொன்ன இத்தாலிய எண்களே சாட்சி. சர்க்கரைக்குப் பைபாஸ் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஏற்கெனவே கடுமையான நெஞ்செரிச்சல் இருந்தால் ஸ்லீவ் அதை மோசமாக்கலாம், அப்போதும் பைபாஸ் பக்கம் சாயலாம். தழும்பு முற்றியிருந்தால் மட்டும் என் ஓட்டு ஸ்லீவுக்கு. பிற்காலத்தில் பித்தநாளத்துக்கு எண்டோஸ்கோபி செய்யவோ, மாற்றுக் கல்லீரல் பொருத்தவோ தேவைப்பட்டால் பாதை திறந்திருக்கும், மாத்திரைகள் உடம்பில் சேர்வதிலும் குழப்பம் வராது.

ஊசிகள் பற்றி. செமக்ளூடைடை இளக்காரமாகப் பேசும் சர்ஜன்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெரிய ஆய்வில் 72 வாரத்தில் அழற்சி நீங்கியவர்கள் 63 சதவீதம், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 34 சதவீதம். நடுத்தர, முற்றிய தழும்புக்கு 2025-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கும் கிடைத்தது. ஆனால் ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது, எடையோடு கொழுப்பும் திரும்பும். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 42. சராசரியாக 15 சதவீத எடைக் குறைப்பு உங்களை 36 பக்கம்தான் கொண்டுவரும். பி.எம்.ஐ. 32, லேசான தழும்பு என்று ஒருவர் எழுதியிருந்தால் முதலில் ஊசியைப் பாருங்கள் என்றிருப்பேன். உங்களுக்கு ஆபரேஷன்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன், அதுவும் கல்லீரலுக்காக மட்டும் இல்லை. பி.எம்.ஐ. 35ஐத் தாண்டினாலே ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்பது 2022-இல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல், உங்களுக்குச் சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது. தழும்பு நிலை 2 அல்லது 3 என்று வந்தால் தள்ளிப்போடாதீர்கள். தழும்பே இல்லை என்று வந்தால் அவசரமில்லை, ஆறு மாதம் யோசித்தும் முடிவெடுக்கலாம், ஊசியையும் முயன்று பார்க்கலாம்.

ஆபரேஷன் என்று முடிவானால் சர்ஜனிடம் ஒரு கோரிக்கை வையுங்கள்: லேப்ராஸ்கோப்பி செய்யும்போதே கல்லீரலிலிருந்து ஒரு சின்னத் துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்ப முடியுமா? எப்படியும் கல்லீரல் கண்முன்னே இருக்கும், தனியாக ஒருநாள் வந்து ஊசி குத்திக்கொள்ள வேண்டியதில்லை. தழும்பு எவ்வளவு என்று அப்போது இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும், பிற்பாடு ஒப்பிடவும் ஒரு ஆதாரம் கிடைக்கும்.

பிறகு வரும் மாதங்களில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரும், அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு அர்சோடியாக்சிகோலிக் அமிலம் கொடுப்பார்கள், விட்டுவிடாமல் சாப்பிடுங்கள். முதல் சில மாதங்களில் எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம், கொழுப்பு வேகமாகக் கரையும்போது அப்படி ஆவதுண்டு. பிலிருபின் (காமாலையைக் காட்டும் நிறமி) ஏறுவது, ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) இறங்குவது, கால் வீங்குவது, இவை வேறு, அன்றே கூப்பிடுங்கள். வாந்தி நாள்கணக்கில் நிற்கவில்லை என்றால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள், பி1 குறைந்தால் மூளை நரம்பு வரை பாதிக்கும். புரதத்தைக் குறைக்கக் கூடாது, பி12, இரும்பு, வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க. மது பழக்கம் இல்லை என்கிறீர்கள், அப்படியே இருங்கள். பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் மிக வேகமாக ஏறும், இரண்டாவது வருடத்திலிருந்து புதிதாகக் குடிக்கு அடிமையாகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து அதே ஃபைப்ரோஸ்கேன், முடிந்தால் அதே கருவியில். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் ஒன்றரை வருடமாவது தள்ளிப்போட வேண்டும், அதுவரை கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம், சில இடங்களில் நான்கு வாரம், தினம் 800 முதல் 1000 கலோரிக்குள் ஒரு உணவுமுறை கொடுப்பார்கள். இது உங்களைச் சோதிக்க வைத்த பத்தியம் இல்லை. கல்லீரலின் இடது மடல் வயிற்றின் மேல் படுத்திருக்கிறது, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சர்ஜன் வேலை செய்ய முடியும். கொழுப்பால் உப்பிய கல்லீரல் கனமாகவும் பொசுக்கென்று கிழியக்கூடியதாகவும் இருக்கும், ரத்தம் கசியும், வயிற்றின் மேல் முனை சரியாகத் தெரியாது. இந்த இரண்டு வாரத்தில் அது கண்ணுக்குத் தெரியும் அளவு சுருங்கிவிடும். ஒழுங்காகக் கடைப்பிடியுங்கள். ஆனால் தொடங்கும் முன் உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள். கிளிமிபிரைடை அதே அளவில் விழுங்கிக்கொண்டு உணவைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழுவீர்கள். டாபாகிளிஃப்ளோசின் இன்னும் ஏமாற்றும்: சர்க்கரை நார்மலாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம், வாந்தியும் மூச்சிரைப்பும் வந்த பிறகுதான் தெரியும். ஆபரேஷனுக்கு மூன்று நாட்களுக்கு முன்பாவது அதை நிறுத்தியாக வேண்டும், இந்த உணவுமுறை தொடங்கும்போதே நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. எதை, எந்தத் தேதியிலிருந்து நிறுத்துவது, எதை எவ்வளவு குறைப்பது என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் நகலைச் சர்ஜனுக்கும் மயக்க மருத்துவருக்கும் கொடுத்துவிடுங்கள்.